மகாராஜாவின் துன் ஏரிக் கவிதை

இளவரசர் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒலிவாங்கியின் முன் நின்றார்.

எனக்குக் குஜராத்தி தெரியாது. ஆனால் தாளின் மூலையில் அருங்காட்சியக முத்திரை கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்க்க மொழியறிவு தேவையில்லை.

சுவிட்சர்லாந்தின் துன் ஏரிக்கரை. நாற்பது நாற்காலி. நடுவே துணி போர்த்திய ஒரு நினைவுக்கல்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், குஜராத்தில் காத்தியவார்ப் பக்கத்துக் குட்டி அரசு ஒன்றின் மகாராஜா நெஞ்சுச் சளிக்காக இங்கே வந்து மூன்று மாதம் தங்கினார். காலையில் நடக்கத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லை வந்துவிடும், அவ்வளவுதான் நாடு. கவிதை அப்படியல்ல. இருபதில் முடிசூடி, முப்பதுக்குள் இறந்து, இடையில் நாலாயிரம் வரி எழுதி அரைவாசிக் குஜராத்தை அழவைத்தவர் என்றது அழைப்பிதழ். இந்த ஏரியைப் பற்றி அவர் எழுதிய ஒரே கவிதையைக் கொள்ளுப்பேரனான இந்த இளவரசர் மூலமொழியில் வாசிப்பார். நான் ஜெர்மனில் சொல்வேன்.

நான் விதுஷன், ஊர் ஊஸ்டர். தமிழ் மொழிபெயர்ப்பாளன், அதுவும் தகுதிகாண் காலத்தில். இதுவும் இந்திய மொழிதானே, செய்வீர்களா என்று அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். செய்வேன் என்றேன். அகதி விண்ணப்பம் போட்ட காலத்திலிருந்து அப்பா கைவிடாத ஒரே சட்டம் அது: "கந்தோரால என்ன கேட்டாலும் முதல் 'யா' எண்டு சொல்லு. பிறகு யோசிப்பம்."

பிறகு யோசித்தேன். இன்று தேறினால் நிரந்தரப் பட்டியல். தவறினால் பழையபடி மருத்துவமனைச் சமையலறையில் தட்டுக் கழுவல்.

மதிப்பெண் போடுபவர் முன்வரிசையில் இருந்தார். பேராசிரியர் ஸ்டுக்கி. அந்தத் தாளைக் கண்டெடுத்தவர். இந்த மாநிலத்திலேயே குஜராத்தி வாசிக்கத் தெரிந்த ஒரே மனிதர். அவரே மொழிபெயர்த்திருக்கலாம். தொண்டை கட்டிவிட்டதாம்.

"அட கடவுளே, மனுசன் தாளைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறார்" என்று வாய்க்குள் முணுமுணுத்தேன்.

இளவரசர் தாளை மெல்லத் திருப்பினார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஏரியில் ஒரு கப்பல் ஊதியது.

பிறகு கண்களை மூடி, கையை உயர்த்தி, கணீரென்ற குரலில், சுத்தமான கோயம்புத்தூர்த் தமிழில் ஆரம்பித்தார்.

"தம்பி, நான் வளந்தது வேற ஊருங்க. இந்த எழுத்து எனக்குப் படிக்க வராது. எங்க வூட்டுல ஒருத்தருக்கும் வராது. காலைல இருந்து நின்னு நின்னு காலு வலிக்குது. நல்லதா நாலு வார்த்தை சொல்லி என்னைய அனுப்பி வச்சுருங்க."

பேராசிரியர் பேனாவைத் திறந்தார்.

மூளை நின்றுவிட்டது. மூளை நின்றுவிட்டால் மொழிபெயர்ப்பாளனுக்கு மொழிபெயர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்படியே ஜெர்மனில் சொன்னேன், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"தம்பி, நான் வளர்ந்தது வேறு ஊரில். இந்த எழுத்தை என்னால் வாசிக்க முடியாது. என் வீட்டில் எவராலும் முடியாது. காலையிலிருந்து நிற்கிறேன், கால்கள் வலிக்கின்றன. நல்ல சொல் நான்கு சொல்லி என்னை அனுப்பிவை."

பிறகு மூக்குச் சிந்தும் சத்தம். நகரசபைத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். கால்வலி வரியை இன்னொரு தடவை சொல்லமுடியுமா என்று பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கேட்டார். சொன்னேன். அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

கைதட்டல் அடங்கியதும் பேராசிரியர் எழுந்து எங்களை நோக்கி வந்தார். இளவரசர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவருடையதைப் பிடித்துக்கொண்டேன்.

பேராசிரியர் மதிப்பெண் படிவத்தை நீட்டினார். எல்லாக் கட்டத்திலும் முழு மதிப்பெண்.

"வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்ததால் கவிதை என்று அறிவித்துவிட்டேன்" என்றார், குரலைத் தாழ்த்தி. "கல்லுக்கு அனுமதி வந்த பிறகுதான் ஒழுங்காக வாசித்தேன். மூன்று சட்டை, இரண்டு தலைப்பாகை, ஆறு காலுறை. ஹோட்டலில் சலவைக்குப் போட்டது."

நான் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"இன்னும் பதினொரு தாள் இருக்கிறது. அடுத்த வாரம் நீங்கள் இருவரும் வரமுடியுமா?"

ஜெர்மன் புரியாத இளவரசர் என் காதருகே குனிந்தார். "என்ன சொல்றாருங்க தம்பி?"

"உங்கட பூட்டனார் நல்ல துப்புரவான ஆளாம், ஐயா."