இரண்டு விரல் இடைவெளி

"இன்னைக்காவது அவருக்கு வலிக்குதான்னு பாருங்க டாக்டர்."

பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் பேச்சும் அசைவும் இல்லாமல் கிடந்த கணவனின் கையில், அக்குபங்சர் டாக்டர் ஊசியைச் செருகினார். அவன் முகம் சுளித்தது.

"உணர்ச்சி வந்துடுச்சும்மா! பாருங்க, அவர் கண்ல ஆனந்தக் கண்ணீர்."

ரவிக்கையின் முழுக்கையால் மனைவி தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஆறு மாசம் வாங்க. கை காலும் அசையும், பேச்சும் வரும்."

"வேண்டாங்க. வலி தெரிஞ்சா போதும்."

அலைய முடியாமல் சொல்கிறாள் என்று நினைத்த டாக்டர், விரல் தடிமனில் ஒரு மூலிகைச் சுருட்டை எடுத்து நீட்டினார்.

"அப்போ வீட்லயே இதால ஒத்தடம் கொடுங்க. பத்தவெச்சு, தோலுக்கு ரெண்டு விரல் தள்ளியே பிடிக்கணும். பட்டுச்சுன்னா சுட்டுடும்."

"தெரியுங்க."

"உங்களை மாதிரி பொண்டாட்டி கிடைக்க இவர் கொடுத்து வெச்சிருக்கணும்."

வீட்டில் அவனைக் கட்டிலில் கிடத்திவிட்டுக் கதவைத் தாழிட்டாள். ரவிக்கையின் முழுக்கையை மெல்ல மேலே ஏற்றினாள். மணிக்கட்டிலிருந்து தோள்வரை சிகரெட் நுனி அளவில் வட்ட வட்டமாகத் தழும்புகள். இருபத்திரண்டு வருடக் குடித்தனம்.

சுருட்டைப் பற்றவைத்து, நுனி சிவக்கும்வரை ஊதினாள். இரண்டு விரல் இடைவெளியெல்லாம் பார்க்கவில்லை.

"சத்தம் வெளிய போகக் கூடாதுன்னு சொல்வீங்களே," என்றாள். "உங்ககிட்ட எனக்கு அந்தக் கவலையே இல்லைங்க."