பின் சீட்டில் சீனி

"எனக்குப் போத்தல் வேண்டாம் மிஸ். எப்பவும்போல தினம் இங்கேயே வந்து குடிச்சிட்டுப் போறேன்."

விக்னேஸ்வரன் இப்படிச் சொன்னதும் பிரமிளாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

வராதா பின்னே? லகாட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்ன கிளினிக்கில் மெதடோன் கவுண்டரைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். போதைத் தூள் பழக்கத்தை விட நினைக்கிறவர்கள் காலையில் வரிசையில் நின்று, அவள் கண்ணெதிரே மருந்தைக் குடிக்க வேண்டும். குடித்ததும் ஏதாவது ஒரு வார்த்தை பேசிக் காட்ட வேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்றுவிடக் கூடாதே, அதற்காக.

ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தவனுக்கு மட்டும் வாரத்துக்கு ஆறு போத்தல் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அதற்கு எத்தனை பேர் தவம் கிடக்கிறார்கள். கிடைத்த இவன் வேண்டாம் என்கிறான்.

பொறுப்புக் கையெழுத்துப் போட வந்திருந்த அக்கா சரளாவுக்கு முகம் தொங்கிப்போனது. அரை நாள் லீவு போட்டுவிட்டு அவ்வளவு தூரம் கமுந்திங்கிலிருந்து வந்தவள்.

"டேய், என்னடா பேசுற? திங்கக்கிழம எங்க ஊரு ஃபேக்டரிக்கு வரச் சொல்லிட்டாங்க. காலையில ஏழு மணி ஷிப்டு. எட்டு மணிக்கு இங்க மருந்து குடிச்சிட்டு நீ எப்படி அங்க வேலைக்கு வருவ?"

"வர முடியாதுக்கா."

"முடியாதுன்னா?"

"எனக்கு அந்த வேல வேண்டாம். அவங்ககிட்ட சொல்லிடு."

சரளா பிரமிளா பக்கம் திரும்பினாள்.

"பாருங்க மிஸ், வீட்டுல ஒரு ரூம் ஒதுக்கி வெச்சிருக்கேன். கால்ல விழாத கொறையா கெஞ்சி எம் புருஷன சம்மதிக்க வெச்சேன். மாமா எப்ப வருவாரு, எப்ப வருவாருன்னு பிள்ளைங்க உயிர வாங்குதுங்க. இவனுக்கு அந்தப் பாழாப்போன தோட்டத்து லயத்து வீடுதான் வேணுமாம்."

பிரமிளா குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. திரும்ப எடுக்குறீங்களா?"

"ஐயோ, இல்ல மிஸ். வேணும்னா இப்பவே யூரின் டெஸ்ட் எடுங்க."

"அப்ப வேலைக்குப் போகத்தான் சோம்பலா? இங்க வந்து குடிச்சிட்டு, நாள் பூரா சும்மா கிடக்கலாம்னு பார்க்குறீங்களா?"

அவன் அதற்குக் கோபப்படவில்லை. வாசல் பக்கம் பார்த்தான். மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் கூரைக்கடியில் ஒல்லியாக ஒருவன் குந்தியிருந்தான்.

"சீனி இருக்கான்ல மிஸ்."

சீனியை அவளுக்குத் தெரியும். தினமும் விக்னேஸ்வரனின் மோட்டாரில் பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறவன். ஒரு கால் சரியாக வராது. மாசா மாசம் டெஸ்டில் மாட்டிக்கொள்வான். அவனுக்குப் போத்தல் கொடுக்க டாக்டர் கனவிலும் சம்மதிக்க மாட்டார்.

"நான் போயிட்டா அவன யாரு மிஸ் இங்க கூட்டிட்டு வர்றது? எங்க தோட்டத்துப் பக்கம் பஸ் கிடையாது. மூணு நாள் வராம விட்டான்னா மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்னு நீங்கதானே சொல்றீங்க. அதுக்குள்ள அவன் தூளைத் தேடிப் போயிடுவான்."

"லயத்துல வேற ஆளே இல்லையா?"

"எல்லாரும் டவுன் பக்கம் தாமான் வீடுங்களுக்குக் குடி போயிட்டாங்க லா. இருபத்து நாலு வீட்டுல நானும் அவனுந்தான். பொழுது சாஞ்சா என் வீட்டுல ஒரு லைட்டு, அந்தக் கோடியில அவன் வீட்டுல ஒரு லைட்டு."

"சரி, பேச்சுத் துணைக்காவது ஒருத்தர் இருக்காரே."

"யாரு, அவனா?" சரளாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வருஷமா இவன் பின்னால உக்காந்து வாரான் மிஸ், ஒரு வார்த்த பேசினது கிடையாது. இவன் சோறு ஆக்கிக் கொண்டு போனா வாங்கி வெச்சிட்டுக் கதவச் சாத்திக்குவான். தீபாவளிக்கு நான் முறுக்கு கொண்டு போனேன், எங்கிட்ட நல்லாத்தான் பேசினான். இவனப் பார்த்தா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்குறான்."

பிரமிளாவும் கவனித்திருக்கிறாள். மருந்தைக் குடித்ததும் சீனி அவளைப் பார்த்து, "தெரிமா காசே" என்று மலாயில் நன்றி சொல்வான். அந்த நேரம் சுவரோரம் நிற்கிற விக்னேஸ்வரன் தலையைத் தூக்கிப் பார்ப்பான், தனக்கும் ஏதாவது சொல்வானோ என்று. சீனி நொண்டிக்கொண்டே அவனைத் தாண்டிப் போய்விடுவான்.

"எனக்கு மட்டும் ஆச இல்லையா மிஸ்?" விக்னேஸ்வரன் மெதுவாகச் சொன்னான். "வீட்டுக்குள்ள மனுசக் கொரல் கேட்டு எத்தன வருஷமாச்சு. தனியாத் தின்னு தின்னு சோறே எறங்க மாட்டேங்குது. அக்கா பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து ஒரு நாளு சாப்பிட்டா போதும்னு இருக்கு."

"அப்ப போங்கண்ணே. நன்றி கெட்டவனுக்காக உங்க வாழ்க்கைய ஏன் கெடுத்துக்குறீங்க?"

"அதைத்தானே மிஸ் நானும் கேக்குறேன்." சரளா தம்பி பக்கம் திரும்பினாள். "கூடப் பொறந்தவ நான் கூப்பிடுறேன். அவன் என்ன ஒறவா, முறையா? அப்படி என்னடா செஞ்சான் உனக்கு?"

விக்னேஸ்வரன் அவள் கையெழுத்துப் போட வேண்டிய தாளை எடுத்துக் கவுண்டருக்குள் தள்ளிவிட்டான்.

"அவன் எனக்கு ஒண்ணும் செய்யலக்கா. பதினெட்டு வயசுல, திடல்ல பந்து விளையாடிக்கிட்டு இருந்தவனக் கூப்பிட்டு, மொத தடவ அவன் கையில தூளக் கொடுத்தவன் நாந்தான்."