இடது கையால் வரைந்த வீடு

ஐம்பது வயதில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான ஓவியப் போட்டியில் முதல் பரிசைத் தட்டிச்சென்ற ஒரே ஆள் இந்தப் பூமியில் நான்தான்.

ஓய்வுபெற்றுப் பல வருஷம் கழித்து, நான் சொல்லிக்கொடுத்த அதே வகுப்பறைக்குப் போனபோது இதைப் பிள்ளைகளிடம் அளந்தேன். அவர்கள் கைதட்டினார்கள். என் பழைய மாணவி, இப்போது அங்கே டிராயிங் டீச்சர், அவள் மட்டும் சிரித்தாள்.

"சார், கதை விடாதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. மேடையில் பெயர் வாசித்ததும் அந்தப் பரிசை வாங்கியவளே அவள்தான். இருபத்தைந்து வருஷமாக என்னை அரித்த பாவம், வாய்க்கொழுப்பில் வெளியே வந்துவிட்டது.

பிள்ளைகள் போனதும் சொன்னேன்.

"மன்னிச்சிடும்மா. பிரஷ்ல தண்ணி நிறைய எடுன்னு சொன்னவன் நான். உன் வானம் வழிஞ்சு வீடெல்லாம் நீலமாச்சு. நீ அழுததுல பள்ளிக்கூடமே மிதந்துச்சு. மனசு கேக்காம, சின்னப் பிள்ளை வரைஞ்ச மாதிரி இடது கையால ஒரு வீடு வரைஞ்சு, இதக் குடுன்னு உன்கிட்ட திணிச்சேன். அதுக்குத்தான் முதல் பரிசு வந்துச்சு. உன் பரிச நான் திருடிட்டேன்."

"அய்யோ சார்! பரிசு வாங்கினது என் வழிஞ்ச வானம்தான். கீழ 'மழை'ன்னு எழுதிக் குடுத்தேன்."

"அப்ப என் படம்?"

அவள் தலை குனிந்தாள்.

"பக்கத்துல இருந்தவன் ஒண்ணுமே வரையல. அவன் பேரப் போட்டுக் குடுத்துட்டேன். நீங்க பரிசு வாங்கினது நிஜம்தான் சார். ஆறுதல் பரிசு."