வௌவால் சூப்

“உங்க மருமகன் மேல தப்பில்லைம்மா,” என்றாள் நிருஷா, தோட்டத்து லய வீட்டு வாசலில் நின்றபடியே.

அவளுக்குப் பின்னால் ரொபர்ட், பெண் பார்க்க வந்தவனைப் போல் தலையைக் குனிந்து நின்றான். சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

உள்ளே மேசையில் அவன் மனைவி ஜெசிந்தாவின் படம் இருந்தது. இன்று கல்லறைத் திருநாள். ஆனால் ஜெசிந்தாவுக்குக் கல்லறை இல்லை. கொரோனாவில் போனவர்களை எரிக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். அதனால் அவள் தாய் மெட்டில்டா வருஷாவருஷம் படத்துக்கு முன்னால்தான் மெழுகுதிரி ஏற்றுவாள்.

ரொபர்ட் ஏற்றக் கூடாது. நிலைப்படியைத் தாண்டவும் கூடாது.

எல்லாம் ஒரு சூப்பால் வந்தது.

ஜெசிந்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. இழுப்புக்கு வௌவால் சூப் என்பது தோட்டத்து டிஸ்பென்சரியை விடப் பழைய வைத்தியம். ஊரடங்கில் மருந்து தீர்ந்ததும், ரொபர்ட் மலைக் குகைக்கு ஏறி வௌவால் பிடித்து வந்து, மிளகு தட்டிப் போட்டு, பெரிய வைத்தியர் மாதிரி ஊட்டிவிட்டான்.

அந்த மாதமே அவள் போய்விட்டாள்.

கொரோனா வௌவாலிலிருந்து வந்ததாம் என்று டிவியில் சொன்னார்கள். மெட்டில்டாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ரொபர்ட்டுக்கும்தான்.

ஆகவே நிருஷா பல்கலைக்கழகத்திலிருந்து குகை வௌவால்களைச் சோதிக்க வந்தபோது, ரப்பர் பால் வெட்டை விட்டுவிட்டு வலை பிடிக்க ஓடிய முதல் ஆள் அவன்தான். முடிவு வந்ததும் அவளைக் கையோடு இங்கே கூட்டி வந்துவிட்டான்.

“அந்தக் குகையில இருக்கிற கிருமி வேறம்மா. கொரோனாக் குடும்பம்தான். ஆனா எப்பவோ பிரிஞ்சு, மாறி மாறி, தன் வழியில போயிருச்சு. மனுசருக்கு வந்த கிருமிக்கு ரொம்பத் தூரத்துச் சொந்தம்.”

கலியாணத்துக்குக்கூடக் கூப்பிடாத சொந்தம் என்று ரொபர்ட் மனதுக்குள் சேர்த்துக்கொண்டான். ஒரு கால் தானாகவே நிலைப்படிப் பக்கம் நகர்ந்தது.

மெட்டில்டா படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப எம் புள்ளைக்கு எங்க இருந்து வந்துச்சு மிஸ்?”

“மனுசங்ககிட்ட இருந்துதான்மா. வெளிய போய்ட்டு வந்த யாராச்சும் கொண்டாந்திருப்பாங்க.”

ரொபர்ட்டின் கால் நின்றது.

அந்த மாதம் தோட்டத்தை விட்டு ஒருவரும் வெளியே போகவில்லை. உள்ளே வந்தவளும் ஒரே ஒருத்திதான். கொழும்பில் ஒரு வீட்டில் சமையலுக்கு இருந்தவள், வேலை போய், மரக்கறி லொறியில் ஒளிந்து வந்தாள். இருமிக்கொண்டு மகளின் பாயிலேயே படுத்தாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தது ஜெசிந்தா.

மெட்டில்டாவின் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

“ஒரு நிமிசம் மிஸ்,” என்றான் ரொபர்ட். “நீங்க பாத்தது இந்த வருச வௌவாலத்தானே? நான் புடிச்சது அந்த வருச வௌவால். கிருமி மாறிக்கிட்டே இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவ்வளவு சீக்கிரத்தில் அப்படியெல்லாம் மாறாது என்று சொல்ல நிருஷா வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். நிலையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

“இருக்கலாம்,” என்றாள், தரையைப் பார்த்து.

மெட்டில்டாவுக்கு மூச்சு திரும்பியது.

“பாத்தீங்களா மிஸ்? இந்தப் பாவிதான். நான் அன்னிக்கே சொன்னேன்.”

“ஆமாங்க அத்தை,” என்றான் ரொபர்ட்.

சொல்லிவிட்டு வாசலை மறைக்காமல் ஓரமாக நகர்ந்து நின்றான். அங்கிருந்து பார்த்தாலும் படம் தெரியும்.