மாப்பிள்ளையும் பழைய போன்களும்

“உன் வீட்டுக்காரர் என்ன, வீட்டையே செல்போன் கடையா மாத்திட்டாரா?”

வாசற்படி தாண்டியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி அதுதான். செருப்பு அலமாரிக்கு மேல் ஒரு குட்டித் திரை. ஜன்னலோரம் இன்னொன்று. கூடத்து மேஜையில் ஒரு தட்டு நிறைய, வயரும் வாலுமாகப் பிரித்துப் போட்ட பழைய போன்கள்.

“அதெல்லாம் உடைஞ்ச போன் அக்கா. ஸ்க்ரீனை மட்டும் கழட்டி சின்ன கம்ப்யூட்டர் போர்டுல இணைச்சிடுவார். அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு...”

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குக் கண்ணு இருக்கு.”

அக்கா வாயைத் திறந்தால் அடுத்தவர் வாய்க்கு வேலை கிடையாது. தங்கை சிறு வயதிலிருந்தே அவள் எதிரில் எந்த வாக்கியத்தையும் முழுதாக முடித்ததில்லை. பேசாமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்ததற்குக் காரணம் இருந்தது. இந்தச் சம்பந்தத்தை ஒற்றைக் காலில் நின்று முடித்து வைத்தவள் அவள்தான். கல்யாணத்தின்போது வாய் ஓயாமல் பேசிச் சிரித்த மாப்பிள்ளை, ஒரு வருடமாக அவள் போனை எடுப்பதே இல்லை. எப்போது கூப்பிட்டாலும் தங்கைதான் எடுத்து, “அவர் கொஞ்சம் வேலையா இருக்கார் அக்கா” என்பாள். அதற்கு மேல் அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா தன் வீட்டுக் கதையை ஆரம்பித்திருப்பாள்.

தங்கை நிஜமாகவே நன்றாக இருக்கிறாளா என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அவள் துணிமணிக்கும் சேர்த்துத்தான் பெரிய பெட்டியாகக் கொண்டு வந்திருந்தாள்.

“அட, அண்ணி! வாங்க, வாங்க!” உள்ளறையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக வந்த மாப்பிள்ளை முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். “பழைய போன் ஏதாவது கொண்டு வந்தீங்களா? உடைஞ்சதா இருந்தாலும் பரவாயில்லை, ஸ்க்ரீன் மட்டும் வேலை செஞ்சா போதும்.”

“வந்தவளை உட்காருன்னு சொல்லாம போனைக் கேட்கிறீங்களே!”

அவர் அதற்குள் ஜன்னலோரத் திரைப் பக்கம் பார்வையைத் திருப்பிவிட்டார். ஒரு நொடி கழித்துத்தான் சிரிப்பு வந்தது.

“தப்புதான் அண்ணி. உட்காருங்க, உட்காருங்க.”

சாப்பாட்டு மேஜையிலும் அதே கதைதான். அவர் தட்டுக்குப் பக்கத்தில் மரச்சட்டத்தில் நிமிர்த்தி வைத்த ஒரு திரை. எதிரே உட்கார்ந்த அக்காவுக்கு அதன் முதுகும், முதுகில் ஒட்டியிருந்த பச்சை போர்டும்தான் தெரிந்தன.

“வேலையெல்லாம் எப்படிப் போகுது மாப்பிள்ளை?”

திரையைப் பார்த்தார். “நல்லா போகுது அண்ணி. இப்போ வீட்டுல இருந்தே பண்றேன்.”

“வீட்டுலயேவா இருக்கீங்க? அப்போ என் போனை எடுக்க மட்டும்தான் நேரம் இல்லையாக்கும்.”

மறுபடி திரை. பிறகு ஓர் அசட்டுச் சிரிப்பு. “மெசேஜ் போடுங்க அண்ணி. அடுத்த நிமிஷமே பதில் வரும்.”

“நான் என்ன உங்க ஆபீஸ் மேனேஜரா, மெசேஜ் போடறதுக்கு?”

தங்கை குறுக்கே புகுந்தாள். “அக்கா, அவருக்கு...”

“நீ சும்மா இரு! எல்லாம் நீ குடுக்கிற இடம். வாய்க்கு ஒரு தடவை அதைப் பார்க்கிறார். அதுல அப்படி என்னதான் சினிமா ஓடுதோ!”

மாப்பிள்ளை திரையைப் பார்த்தபடியே குபீரென்று சிரித்தார். “சினிமாவை விட நல்லா இருக்கு அண்ணி, நீங்க வந்ததுல இருந்து.”

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. தங்கமான பையன் என்று எல்லாரிடமும் சொல்லித்தானே பெண்ணைக் கொடுத்தோம், இந்தக் கண்ணாடித் துண்டுக்கு மிஞ்சின நேரத்தில்தான் இவளைப் பார்ப்பார் போலிருக்கிறதே என்று நினைத்தாள். விருட்டென்று எழுந்து போய், சுவரிலிருந்த ப்ளக்கைப் பிடுங்கினாள்.

“அக்கா!”

“பேசாதே. மாப்பிள்ளை, இப்போ என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. என் தங்கச்சியை நல்லா வச்சிருக்கீங்களா, இல்லையா? இல்லைன்னா இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்.”

மாப்பிள்ளை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

“பார்த்தியா, பதில் இல்லை.” அக்காவின் குரல் உடைந்தது. “நீ கிளம்பு. துணியை எடுத்து வை.”

தங்கை கிளம்பவில்லை. குனிந்து ப்ளக்கை மாட்டினாள். திரையை அக்கா பக்கம் திருப்பி வைத்து, அதில் வெளிச்சம் வரும்வரை காத்திருந்துவிட்டு நிதானமாகப் பேச ஆரம்பித்தாள். அவள் பேசப் பேச, கறுப்புத் திரையில் பெரிய பெரிய வெள்ளை எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன:

“போன வருஷம் வந்த காய்ச்சல்ல அவருக்குக் காது சுத்தமா போயிடுச்சு அக்கா. நாம பேசுறதை ஒரு வார்த்தை விடாம படிக்கணும்னுதான் வீடு முழுக்க இதை வச்சிருக்கார், நீ கேட்டதை இன்னொரு தடவை கேளு.”