கழுத்து மட்டும் பாக்கி

இன்னும் ஒரே சுற்று.

மடியில் எலுமிச்சம்பழ அளவுக்குத்தான் நூல் மிச்சம்.

போதுமா?

அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கின் மேல் ஸ்வெட்டரைச் சாய்த்து, ஊசியை ஓட்டினான். பஸ் நிறைய ஆள். பூண்டு மூட்டைகளும் ஏற்றியாகிவிட்டது. எதிர்மலையில் மஞ்சு மூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது.

"அண்ணே, விசில் குடுக்கவா?" என்றான் கண்டக்டர் ஆரோக்கியம்.

"குடுத்தியோ, கண்ணி நழுவிரும்."

ஆரோக்கியம் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

முன் சீட்டுப் பெண் எழுந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் பாதி பஸ் அவன் தோளுக்குப் பின்னால் நின்றது.

கடை நூல் என்றால் ஓடிப்போய் இன்னொரு உருண்டை வாங்கிவிடலாம். இது அவன் கையால் நூற்றது.

மேல்மலை ஆட்டுக் கிடையில் வாங்கிய கம்பளி. வெந்நீரில் அலசிய அன்று வீடு முழுக்க ஆட்டு வாசனை. வெயிலில் காயவைத்து, சிக்கெடுத்து, உதிரி உதிரியாகப் பிரித்து, தக்ளியைச் சுழற்றிவிட்டால் விரல் நுனியிலிருந்து இழை இறங்கும். முதன்முதலாக அது அறுந்துபோகாமல் முழ நீளம் வந்தபோது, ஆளில்லாத வீட்டில் சத்தம் போட்டுச் சிரித்தான்.

பீடியை விட்ட பிறகு கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அவ்வளவுதான் நினைத்தான். பின்னலை போனில் பார்த்துக் கற்றுக்கொண்டான்.

அது பிடித்துக்கொண்டது.

ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசை எப்படி விழும் என்று பார்க்க ஆசை வரும். கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பும்போதும் விரல்கள் உள்ளுக்குள் பின்னிக்கொண்டிருக்கும். கம்பளியின் எண்ணெய் ஏறி, கியர் பிடித்துக் காய்த்த உள்ளங்கை மெத்தென்று ஆகிவிட்டது.

நூல் ஒரே சீராக வரவில்லை. ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெலிவு. பின்னிப் பார்த்தால் அந்த மேடுபள்ளம்தான் அழகு. வெள்ளைக்கு நடுவே அங்கங்கே காப்பிக்கொட்டை நிறம். ஏதோ ஒரு கறுப்பு ஆட்டின் உபயம்.

நாளை முதல் அவனுக்குப் பழனி டெப்போ. ஊருக்கே தெரியும்.

இந்தப் பாதையில் இதுதான் கடைசி டிரிப்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே டீக்கடை. நாகஜோதி தனியாக நடத்துகிறாள். அவனைப் போலவே ஒண்டிக்கட்டை. வருஷக்கணக்காக அவள் போட்ட டீயைக் குடித்திருக்கிறான். சீனி கம்மியா? ஆமா. அதைத் தாண்டிப் பேச்சு போனதில்லை.

ஸ்வெட்டர் அவளுக்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும்.

கண்ணிகள் ஒவ்வொன்றாக மூடின. உருண்டை இளைத்தது. பிறகு உருண்டையே இல்லை. வெறும் இழை மடியில் சுருண்டு கிடந்தது.

"பத்தாது," என்றது ஒரு குரல்.

"பத்தும். நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இரு," என்று அதை அடக்கியது இன்னொரு குரல்.

பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

கடைசிக் கண்ணி. நூலை உள்ளே விட்டு இழுத்தான். முடிச்சு விழுந்தது. விரல் நீளத்துக்கு நூல் மிஞ்சியது.

"பத்திருச்சு!"

யாரோ ஜன்னல் கம்பியைத் தட்டினார்கள். விசில் சத்தம் கேட்டது, ஆனால் அது ஆரோக்கியத்தின் விசில் இல்லை. அவன் டிரைவர் சீட்டிலிருந்து எழுந்து, பல் தெரியச் சிரித்தபடி ஸ்வெட்டரை உதறி, எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தான்.

"ஐயையோ, ஒரு கை குட்டையாப் போச்சே," என்றாள் முன் சீட்டுப் பெண்.

உண்மைதான். இடது கை இரண்டு விரற்கடை குட்டை.

அவன் ஸ்வெட்டரை மடித்துக்கொண்டான். இறங்கினான். சாலையைக் கடந்தான். பன் டப்பாவுக்குப் பக்கத்தில் ஸ்வெட்டரை வைத்தான்.

நாகஜோதி அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பஸ் ஜன்னல்களில் அடைந்திருந்த தலைகளைப் பார்த்தாள்.

"எனக்கா?"

தலையாட்டினான். ஏற்றத்தில் முதல் கியரில் முக்கும் வண்டி மாதிரி நெஞ்சு இரைந்தது.

அவள் அடுப்பைத் தணித்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். சேலைக்கு மேலேயே, தலை வழியாகப் போட்டுக்கொண்டாள்.

தோள் சரியாக உட்கார்ந்தது.

வலது கை மணிக்கட்டில் வந்து நின்றது.

இடது கையும் மணிக்கட்டில் வந்து நின்றது.

முன் சீட்டுப் பெண் ஜன்னல் வழியாக இன்னும் எட்டிப் பார்த்தாள்.

சின்ன வயதில் எப்போதோ முறிந்து, வளராமல் நின்ற கை. முந்தானைக்குள்ளேயே வைத்திருப்பாள். காசை வாங்குவதும் கிளாஸை நீட்டுவதும் வலது கைதான். ஊரில் ஒருவரும் கவனித்ததில்லை.

டீ ஆற்றும்போது மட்டும் அது வெளியே வரும்.

அளவு பார்த்துக்கொள்ள அந்த நேரம் அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

நாகஜோதி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, சேர்த்து வைத்துப் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள். கழுத்துப் பட்டியைக் கன்னம் வரை இழுத்து முகர்ந்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"ஆட்டு வாசம் அடிக்குது."

"ரெண்டு தண்ணி அலசுனா போயிரும்."

"போக வேணாம்."

ஆரோக்கியம் விசிலை எடுத்து வாயில் வைத்தான். ஊதவில்லை.

அவள் பாய்லர் பக்கம் திரும்பினாள். திரும்பியபடியே கேட்டாள்.

"பழனி டெப்போவுல ஞாயித்துக்கிழமை லீவு குடுப்பாங்களா?"