பால்கனிப் பரீட்சை

“நாற்காலியில இருந்து முதல்ல கீழ இறங்கு தங்கம். அப்பா சொல்றேன்ல.”

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஐந்து வயது மகள் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். இந்தப் பக்கம் அப்பா. கதவை எவ்வளவு இழுத்தும் அது அசைந்து கொடுக்கவில்லை. கப்பலின் எட்டாவது மாடி, சுற்றிலும் கடல். ஆனால் அந்த நிமிஷம் அவர் கண்ணுக்கு அந்த நாற்காலியும் அதன் விளிம்பில் நின்ற இரண்டு குட்டிப் பாதங்களும் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

ஊரில் அவர் டிரைவிங் லைசென்ஸுக்கு டெஸ்ட் எடுக்கும் அதிகாரி. அவரிடம் மாட்டியவர்கள் வைத்த பெயர் ‘ஃபெயில் சார்’. சிவப்பு விளக்கு எரியும்போது, “ரோடு காலியாத்தானே இருக்கு, சும்மா போங்க” என்று அவரே தேன் ஒழுகச் சொல்வார். நம்பி வண்டியை நகர்த்தினால் அன்றைக்கு லைசென்ஸ் கிடையாது.

அப்படிப்பட்ட மனுஷன் பால்கனி வைத்த அறையில் சும்மா இருப்பாரா? கப்பல் ஏறிய கையோடு கம்பித் தடுப்பின் உயரத்தைச் சாண் போட்டு அளந்தார். பால்கனியில் கிடந்த இரண்டு நாற்காலிகளையும், பிள்ளை ஏறிவிடும் என்று, அறைப் பணியாளரைக் கூப்பிட்டு உள்ளே எடுத்துப் போடச் சொன்னார். கதவின் தாழ்ப்பாள் எட்டுகிறதா என்று மகளை எம்பச் சொல்லிப் பார்த்தார். எட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் பெட்டியையே திறந்தார்.

“இவ்வளவு பண்றதுக்குக் கப்பலைக் கரையிலேயே கட்டிப் போட்டிருக்கலாம்ங்க,” என்றாள் மனைவி.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். அவளும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள்.

“பால்கனிக்கு யாரும் தனியா போகக் கூடாது. அம்மா அப்பா ரெண்டு பேரும் இருந்தாத்தான் கதவைத் தொறக்கணும். ஒருத்தர் மட்டும் வந்து கேட்டா, அழுதாக்கூட தொறக்க விடக் கூடாது.”

தினமும் காலையில் டெஸ்ட் வேறு. “அப்பாதானே கேக்கறேன், கதவைத் தொறந்துக்கட்டுமா?” என்று குழைவார். அவள் “ம்ஹூம்” என்றால் பாஸ். கையில் பேனாவால் ஒரு நட்சத்திரம் போட்டுவிடுவார். மூன்று நாளில் மூன்று நட்சத்திரம் வாங்கியிருந்தாள்.

நாலாம் நாள் மனைவி முடி வெட்டிக்கொள்ளக் கீழ்த் தளத்துக்குப் போன கொஞ்ச நேரத்தில் இந்தக் கூத்து. எட்டாத தாழ்ப்பாளும் நாற்காலி போட்டால் எட்டும் என்பது அத்தனை கெட்டிக்கார மூளைக்கு உறைக்காமல் போய்விட்டது. யானைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் பெண்டாட்டிக்குத் தெரிகிற மாதிரி சறுக்கக் கூடாது.

“கதவைத் தொற, தங்கம்.”

மகள் தலையை ஆட்டினாள். நாற்காலியும் சேர்ந்து ஆடியது. அவர் சட்டென்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

“சரி, சரி. தொறக்க வேண்டாம். உக்காரு. உக்காந்தாப் போதும்.”

உட்கார்ந்தாள். அவருக்குப் போன உயிர் வந்தது. ஆனாலும் குழந்தை அங்கே தன்னந்தனியாக இருக்கிறாளே, எந்த நேரம் எதன் மேல் ஏறுவாளோ என்ற நினைப்பு விடவில்லை. ஓடிப்போய்த் தூக்க முடியாத தூரம் இல்லை, ஒரு கண்ணாடிதான் குறுக்கே.

ஃபோன் கைக்கெட்டும் இடத்தில் இல்லை. யாராவது வருவார்களா என்று கத்திப் பார்த்தார். தொண்டை கட்டியதுதான் மிச்சம். வெயில் முகத்தில் சுள்ளென்று அடித்தது.

“சாக்லேட் வாங்கித் தரேன்.”

மகள் சிரித்தாள்.

“பெரிய சாக்லேட்.”

விரலை இடமும் வலமும் ஆட்டினாள்.

“அப்பா அழுதுடுவேன் பாரு.”

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, வேடிக்கை பார்க்க வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் தான் ஃபெயில் போட்டு அனுப்பியவர்களின் சாபமெல்லாம் கடல் தாண்டி வந்துவிட்டதோ என்று அவருக்குத் தோன்றியது.

அறைக் கதவு திறந்தது. புது முடிவெட்டோடு மனைவி வந்து நின்றாள். நாற்காலியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்ற கணவரைப் பார்த்தாள்.

“இங்க என்ன நடக்குது?”

மகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று நட்சத்திரம் போட்ட கையை அப்பாவை நோக்கி நீட்டினாள்.

“தனியா பால்கனிக்குப் போயிட்டாரும்மா, அதான் பூட்டிட்டேன். அப்பா ஃபெயில்.”